கொட்டிலுக்காக ஒளித்த சைக்கிள்கள்

1

2024 ஒக்ரோபர் 15, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, தேநீர் வைத்து, முதல்நாள் குறிப்பில் விடுபட்டிருந்த இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். டென்மார்க்கில் என்றால் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று பெருவிரலால் அமத்திப் பார்த்திருப்பேன். இங்கே அந்த வேலை இல்லை. வாசல் படலையில் என்னை ஏற்ற வான் வந்து நிற்கும்.

நான் கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்தில் பிறந்தவள். டென்மார்க்கின் யூட்லாந்துப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில் குடியேறி, இங்கே வாழ்ந்த வருடங்களைவிட அங்கே வாழ்ந்த வருடங்கள் கூடிவிட்டன. வேலைத்தள உடுப்புகள் விற்கும் நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் வேலை. அந்த உடுப்புகளில் ஒரு பகுதியைத் தைத்து அனுப்புவது கிளிநொச்சிக்கு வெளியே உள்ள ஒரு தையல் தொழிற்சாலை, ஊர் வாயில் 'காமென்ற்ஸ்'. எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் ஆறு கிழமைக்கு என்னை இங்கே அனுப்பினார்கள். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி உங்கள் பத்திரிகைக்கு எழுதச் சொன்ன உங்களுக்குக் கிளிநொச்சியில் இருந்துகொண்டு எழுதுவது சற்று முறைகேடுதான். ஆனால் அங்கே இத்தனை வருடம் விளங்காத ஒன்று இங்கே வந்துதான் விளங்கியது. ஆகவே எழுதுகிறேன்.

நான் தங்கியிருப்பது ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டுப் பக்க அறை. சுவரோடு அவருடைய பழைய லேடீஸ் சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காலையில் அதைத் தாண்டித்தான் வானுக்குப் போவேன். வான் தொழிற்சாலையுடையது. சாரதி குகன் இரவில் அதைத் தன் வீட்டில் நிறுத்திவிட்டு, காலையில் என் ஒருத்திக்காக எடுத்து வருவான்.

"ஏசியைக் கூட்டவோ மிஸ்?"

"போதும் தம்பி, காணும்."

"டென்மார்க் மாதிரி இருக்கோணும் எண்டு மனேஜர் சொன்னவர்."

தொழிற்சாலையில் வானுக்கென்று தகரம் போட்ட கொட்டில் ஒன்று உண்டு. விசாலமானது. முன்பு லொறி நிறுத்திய இடமாம். மற்றப் பக்கத்தில், மதிலோரம், திறந்த வெய்யிலில்தான் தையல் பெண்களின் சைக்கிள்கள் நிற்கும். சீற்றுகளின் மேல் வெட்டுத்துணி போட்டுக் கட்டியிருப்பார்கள். அப்படிக் கட்டினாலும் பின்னேரம் அதில் இருக்க முடியாது. "தோசைக்கல்லு மிஸ்" என்று முதல்நாளே ஒருத்தி சொன்னாள். மழை என்றால் சங்கிலி கறள் பிடிக்கும்.

அன்று மதிலோரம் வெறுமையாக இருந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. வேலைநிறுத்தம் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து, அடைத்து வைத்திருந்த பெண்களை இறக்கியது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஓர் உழவு இயந்திரம், இழுவைப் பெட்டி நிறையப் பெண்களுடன். விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரம் வாடகைக்கு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இவர்களுக்குக் கிடைத்திருந்தது. பெட்டியிலிருந்து முதலில் குதித்தவர் இரண்டாம் தையல் வரிசையின் சாந்தி. அவர் கை கொடுத்து இறக்கியது ஐந்தாம் வரிசையின் ஜெனிற்றா. வழமையாக ஜெனிற்றா சாந்தியின் சைக்கிள் கரியரில் வருபவள்.

"குட்மோர்னிங் மிஸ்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் திட்டம் போட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்றுதான் நான் கணக்கெடுக்கத் தொடங்கும் நாள்.

2

என்ன கணக்கு என்று சொல்லவேண்டும்.

எங்கள் டென்மார்க் அலுவலகத்தில் பசுமைப் பழக்கத்துக்குப் புள்ளி கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. காரில் வந்தவர் சைக்கிளுக்கு மாறினால் புள்ளி. கடதாசிக் கோப்பையை விட்டுச் சொந்தக் கோப்பை கொண்டுவந்தால் புள்ளி. நானும் ஒருமுறை வென்றேன். பேருந்தை விட்டுச் சைக்கிளுக்கு மாறியதற்காக, கைதட்டலோடு பச்சை நிறக் கோப்பை ஒன்று தந்தார்கள். உருத்திரபுரத்தில் வாய்க்கால் கட்டு வழியே பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஓடியபோது ஒருவரும் கைதட்டவில்லை. முகாமையாளர் கிர்ஸ்டனிடம் இதைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அங்கே எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வார்கள்.

அந்த அலுவலகத்தின் விளக்குகளும் பசுமைத் திட்டத்தில் சேர்த்தி. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். நான் எழுதும்போது அசைவது குறைவு. குளிர்கால மாலைகளில் ஒருவரும் இல்லாத அறையில், பாதி வாக்கியத்தில் விளக்கு அணையும். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினால்தான் திரும்ப எரியும். கண்ணாடிக்கு வெளியே போகிறவர்கள் நான் யாருக்கோ கைகாட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பக் கைகாட்டுவார்கள். ஒழுங்காக இருந்து வேலை செய்கிறவளை அந்த விளக்கு கணக்கில் எடுப்பதில்லை. பல வருடம் இதைப் பகிடியாகத்தான் சொல்லி வந்தேன்.

இந்த வருடம் அந்தத் திட்டத்தை எங்களுக்குத் தைத்துத் தரும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோக முடிவாயிற்று. முதலில் ஒரு கிழமை, இப்போதுள்ள பழக்கங்களை அப்படியே பார்த்து எழுதவேண்டும். சில மாதங்கள் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். எந்தத் தொழிற்சாலை கூடுதலாக முன்னேறியிருக்கிறதோ, அங்குள்ள ஊழியர்கள் விரும்பிய வசதி ஒன்றை நிறுவனம் செய்து கொடுக்கும். கிளிநொச்சிப் பெண்கள் என்ன விரும்பினார்கள் என்று எழுதத் தேவையில்லை. சைக்கிளுக்கு ஒரு கொட்டில். வருடக்கணக்காகக் கேட்டு வருகிறார்களாம்.

அந்த முதற்கிழமைக் கணக்குக்கு இன்னொரு பயனும் இருந்தது. அடுத்த பருவத்து உடுப்பு ஓடர் எந்தத் தொழிற்சாலைக்கு என்பதை அதை வைத்தும் தீர்மானிப்பார்கள். கணக்கு மோசமென்றால் ஓடர் வேறிடம் போகும். கிளிநொச்சியில் புதிதாகத் தொடங்கிய ஐந்தாம் வரிசை முழுவதும் அந்த ஓடரை நம்பித்தான் இருக்கிறது. அதில் தைக்கும் பெண்கள் எல்லாரும் தற்காலிகம். ஓடர் வந்தால் நிரந்தர நியமனம். வராவிட்டால் மார்கழியோடு வீட்டுக்கு.

ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண். தகப்பன் களப்பில் இறால் பிடிக்கிறார். கணவன் இல்லை. பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்து, சாந்தி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். நியமனம் கிடைத்தால் தை மாதம் பிள்ளையை இங்கே முதலாம் வகுப்பில் சேர்க்கவேண்டும் என்பது அவளுடைய திட்டம். பள்ளிக்கூடச் சப்பாத்தைக்கூட வாங்கி வைத்துவிட்டாள். பிள்ளையின் கால் வளர்ந்துவிடும் என்று ஓர் அளவு பெரிதாக.

ஓடர் விடயத்தைப் பெண்களுக்குச் சொல்வதா விடுவதா என்று தொழிற்சாலையின் மனிதவள அலுவலர் ராஜியும் நானும் ஆலோசித்தோம். ராஜி மல்லாவிக்காரி. பஸ்ஸில் வந்து போகிறவள். சுறுசுறுப்பானவள்.

"சொல்ல வேண்டாம் அக்கா. பயந்துபோய் நடிக்கத் தொடங்கியிடுவினம். பிறகு உள்ளது ஒண்டும் தெரியாது" என்றாள் ராஜி.

சரியென்று பட்டது. சொல்லவில்லை.

3

அதற்கு முந்திய கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம் வைத்துத் திட்டத்தை விளக்கினேன். எனக்கு விளக்கம் கொடுப்பது பிடிக்கும். பலகையில் கோடு போட்டு, இது முதற்கணக்கு, இது இரண்டாம் கணக்கு, இடையில் உள்ள தூரம்தான் உங்கள் புள்ளி என்று காட்டினேன்.

சாந்தி எழுந்தார். அவருடைய பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர். இரண்டாம் வரிசையில் பொக்கற் தைப்பவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம் இளையவராக இருக்கலாம். ஆனால் தொழிற்சாலை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது.

"அப்ப மிஸ், இப்ப இருக்கிற நிலையில இருந்து எவ்வளவு திருந்துறமோ அதுக்குத்தான் புள்ளி?"

"ஓம்."

"ஏற்கெனவே சைக்கிள்ள வாற ஆக்களுக்கு?"

"அவை ஏற்கெனவே நல்லாத்தானே செய்யினம். திருந்த ஒண்டும் இல்லை."

"அப்ப புள்ளியும் இல்லை."

"அந்த ஒண்டில இல்லைத்தான்."

"வீட்டில இருந்து பெட்டியில சாப்பாடு கொண்டு வாற ஆக்களுக்கும் அதேதான்?"

"அதேதான்."

சாந்தி அமர்ந்துவிட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றைய குறிப்பில் நான் எழுதியிருப்பது இது: "விளக்கம் நன்றாக நடந்தது. எல்லாரும் முழுமையாக விளங்கிக்கொண்டார்கள்."

அது உண்மைதான். முழுமையாக விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

4

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கும் விளங்கிவிட்டது. வெட்டு அறையில் ஆள் இல்லாமலே எல்லா மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் போத்தல்கள் அணிவகுத்து நின்றன. சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனால், மேசைக்கு மேசை லன்ச் சீற். கடையில் சோறு சுற்றித் தரும் அந்த மெல்லிய பொலித்தீன் தாள். முதல்நாள் வரைக்கும் எல்லார் முன்னாலும் மூடி போட்ட பெட்டிகள்தான் இருந்தன.

ஜெனிற்றா ஓரத்தில் இருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"என்ன, இண்டைக்கு எல்லாருக்கும் கடைச் சாப்பாடோ?"

"இல்லை மிஸ், வீட்டுச் சோறுதான். அக்கா பெட்டிக்குள்ள போட்டுத் தந்தவா. பிறகு ஞாபகம் வந்து, வெளியில எடுத்து இதில சுத்தினவா."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடி" என்றார் சாந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆனால் பக்கத்து மேசை சிரித்துவிட்டது. அதோடு மண்டபமே சிரித்தது. ராஜி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது.

நான் சாந்திக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"சைக்கிளெல்லாம் எங்க?"

"வீட்டிலதான் மிஸ். பத்திரமா இருக்கு. இந்தக் கிழமை முடிய வரும்."

"உழவு மெஷினுக்கு ஆர் காசு குடுத்தது?"

"எல்லாரும் போட்டம். கொட்டில் கிடைச்சால் அது பெரிய காசோ?"

"இது களவு வேலையெண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

சாந்தி கை கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தார். கோபம் இல்லை. கதை சொல்கிற முகம்.

"மிஸ், சண்டை முடிஞ்சு நாங்கள் மீளக்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலில இருந்தனாங்கள். என்ர மனுசன் கூலிக்குப் போய்ப் போய், நாலு வரிசைக் கல்லுக் கட்டிப்போட்டார். வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட வந்த ஐயா அந்தச் சுவரைப் பாத்தார். உங்களிட்ட வசதி இருக்கு எண்டிட்டுப் போட்டார். பக்கத்து வளவில ஒரு கல்லுக்கூட வைக்காத ஆளுக்கு முதல்ல வீடு. கட்டின எங்களுக்கு இல்லை."

"பிறகு?"

"அடுத்த முறை ஆள் வரேக்கை கதிரை மேசையெல்லாம் பக்கத்து வீட்டில குடுத்திட்டு, நிலத்தில பாய் போட்டு இருந்தம். வீடு வந்திட்டுது."

"கோழியள்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கோழியளைக் குசினிக்குள்ள பூட்டினனான். சேவல் கூவிப்போட்டுது. பக்கத்து வீட்டுச் சேவல் எண்டு சொன்னன்."

திரும்பச் சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை.

"சர்வே எண்டு ஆர் வந்தாலும் இருக்கிறதைக் காட்டக்கூடாது மிஸ். பசு வைச்சிருக்கிறது, சுவர் கட்டினது, ஒண்டும் காட்டக்கூடாது. நீங்கள் பலகையில கோடு கீறின உடனையே எங்களுக்கு விளங்கிட்டுது இது அந்தக் கணக்குத்தான் எண்டு."

உருத்திரபுரத்தில் தொடர்ந்து இருந்திருந்தால் எனக்கும் இது தெரிந்திருக்கும். நான் போனபின் இங்கே எத்தனை பேர் வந்து எத்தனை கேள்வி கேட்டு எத்தனை புள்ளி போட்டிருப்பார்கள்! ஒன்றைச் சொந்தமாகச் செய்துகொண்டவர்களை அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் பின்னால் தள்ளிவிட்டிருக்கின்றன. டென்மார்க்கில் கணக்கெடுக்க ஆள் வந்தால் உள்ளதைச் சொல்வோம், ஏனென்றால் உள்ளதைச் சொன்னதால் ஒருவரும் வீட்டை இழந்ததில்லை. நேர்மை என்று நான் நினைத்து வந்ததில் பாதி, பயமில்லாமல் இருக்கக் கிடைத்ததுதான்.

ராஜியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். நான் எழுந்து நின்று, சொல்லாமல் விட்ட மற்றப் பாதியையும் சொன்னேன். இந்தக் கணக்கை வைத்துத்தான் ஓடர். ஓடரை வைத்துத்தான் ஐந்தாம் வரிசை.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெனிற்றா முன்னாலிருந்த லன்ச் சீற்றை எடுத்து, நான்காய் மடித்து, எட்டாய் மடித்து, மேசைக்குக் கீழே வைத்தாள்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றார் சாந்தி.

சொல்லியிருக்கலாம்.

5

தொழிற்சாலை மனேஜர் எளிய வழி ஒன்று சொன்னார். இன்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாளையிலிருந்து கணக்கைத் தொடங்குவது. யாருக்குத் தெரியப் போகிறது? நான் மாட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண் வெளிநாட்டில் கெட்டுப்போனது என்ற கருத்து இருந்தது.

கிர்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே காலைக் கோப்பி நேரம். நடந்ததை ஒழுங்கு வரிசையில் சொன்னேன். உழவு இயந்திரம் என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு நீண்ட நேரம் சிரித்தார்.

"திருந்தினால் மட்டும்தான் புள்ளி என்று யார் அவர்களுக்குச் சொன்னது?"

"நான்தான். நீங்கள் எழுதித் தந்தபடி."

சிரிப்பு நின்றது. அவர் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முடிவை அவர் நிதானமாகச் சொன்னார். இன்றைய கணக்கை அழிக்கக்கூடாது, அதுவும் நடந்ததுதான். ஆனால் ஒரு கிழமையில் ஒரு நாள் பெரிதல்ல. மிச்ச நாட்களில் நான் என்ன பார்க்கிறேனோ அதை வைத்து ஓடர். நன்றாக இருந்தால் ஐந்தாம் வரிசை தப்பும்.

"அப்படியானால் கொட்டில்?"

"முதற்கணக்கு நன்றாக இருந்தால் முன்னேற இடமில்லை. அந்தப் பரிசு வேறிடம் போகும். விதியை மாற்ற வேண்டுமானால் குழு கூடவேண்டும்."

"குழு எப்போது கூடும்?"

"நத்தார் விடுமுறை முடிந்த பிறகு."

டென்மார்க் அலுவலகங்களில் எதையும் மறுக்கமாட்டார்கள். குழுவுக்கு அனுப்புவார்கள்.

பின்னேரத் தேநீர் நேரத்தில் இதைப் பெண்களுக்கு அப்படியே சொன்னேன். ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. சைக்கிளில் வந்தால் ஐந்தாம் வரிசை தப்பும், கொட்டில் போகும். ஓட்டோவில் வந்தால் கொட்டிலுக்கு வழி உண்டு, ஐந்தாம் வரிசை போகும். எப்படி வந்தாலும் கண்டதை உள்ளபடியே எழுதுவேன்.

மண்டபம் கொதித்தது.

"எத்தினை வருசமாக் கேக்கிறம்! எனக்கு இந்த வருசம் மட்டும் ரெண்டு ரயர் வெடிச்சுது" என்றாள் மூன்றாம் வரிசைப் பெண் ஒருத்தி.

"ரயர் வெடிச்சால் ஒட்டலாம். அதுகளின்ர வேலை போனால் ஒட்டலாமோ?"

"அவை நேற்று வந்தவை. நாங்கள் தொடக்கத்தில இருந்து வெய்யில்ல காயுறம்."

ஜெனிற்றா கையில் இருந்த துணியின் நூல்நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துணியில் வெட்ட நூல் ஏதும் மிச்சம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் சாந்தியிடம் கேட்டேன், "என்ன முடிவு?"

"நாங்கள் கதைச்சுப்போட்டுச் சொல்லுறம் மிஸ்."

"எப்ப சொல்லுவீங்கள்?"

"காலமை வாசல்ல நிண்டு பாருங்கோ."

அவர்கள் வந்த உழவு இயந்திரமே திரும்பவும் வந்து அவர்களை ஏற்றிப்போனது. பெட்டிக்குள் சண்டை தொடர்ந்தது தூரத்துக்குக் கேட்டது. ராஜி பஸ்ஸுக்கு நின்றபடி சொன்னாள், "சைக்கிள்ள வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அக்கா."

"சொன்னால் அது அவையின்ர முடிவு இல்லையே."

"உங்கட டென்மார்க் ஞாயத்தைக் கேட்டால் எனக்குத் தலையிடிக்குது. நாளைக்கு உழவு மெஷின் வந்துதெண்டால் நான் லீவு."

6

மாலையில் மகள் நிலா வாட்ஸ்அப்பில் வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் தொடங்கி டெனிஷில் முடிப்பது அவள் வழக்கம். அன்று முழுவதும் தமிழில் பேச முயற்சி செய்தாள். நான் தூரத்தில் இருக்கும்போது மட்டும் அப்படி ஒரு பாசம்.

முதலில் வீட்டு நிலவரம். அங்கே ஒவ்வொரு வகைக் குப்பைக்கும் ஒவ்வொரு தொட்டி. அவளுடைய அப்பா தேயிலைச் சக்கையை அதன் பையோடு கடதாசித் தொட்டிக்குள் போட்டாராம். கட்டடப் பொறுப்பாளர் கதவில் குறிப்பு ஒட்டியிருக்கிறாராம். நாங்கள் போன முதல் வருடம் நான் மாம்பழத் தோலைத் தவறான தொட்டியில் போட்டதற்கும் இதே போலக் குறிப்பு வந்தது. அதை நான் படித்துத் திருந்தினேன். அவர் படிப்பதில்லை.

பிறகு இங்கத்தைய கதையை அவளுக்குச் சொன்னேன். சேவல் வந்த இடத்தில் நன்றாகச் சிரித்தாள்.

"அம்மா, நீங்கள் எப்பிடி வேலைக்குப் போறனீங்கள்?"

"வான் வரும்."

"வானா? இஞ்ச ஸ்நோவுக்குள்ளயும் சைக்கிள் ஓடுறனீங்கள். அங்க வானில போய் அவையளுக்கு சைக்கிள் படிப்பிக்கிறீங்களா?"

"வெய்யில், நிலா. அதோட இது அவை ஒழுங்கு பண்ணித் தந்தது."

"சரி. அவையளுக்கு ஏன் சைக்கிள் வீடு இல்லை?"

"கொட்டில். அதுக்குத்தானே இந்தப் போட்டி."

"உங்கட ஒபிஸில சைக்கிள் வீடு இருக்கு. பெரிசு. லைற் எல்லாம் இருக்கு. அதை ஆர் வெண்டது?"

அவள் ஏதோ இணைப்புக் கோளாறு என்று நினைத்து, "அம்மா? அம்மா?" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.

அதை ஒருவரும் வெல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது அங்கே இருந்தது. ஊழியர்கள் சைக்கிளில் வருவார்கள், ஆகவே நனையாத இடம் வேண்டும் என்று கட்டடம் கட்டிய யாரோ நினைத்திருக்கிறார்கள். மனிதவளக் கோப்புகளில் அது கதவு, கழிப்பறை போன்றவற்றோடு ஒரே பக்கத்தில் வரும். பரிசுகளின் பக்கத்தில் அல்ல. அந்தக் கோப்பை வருடாவருடம் சரிபார்ப்பவள் நான்தான்.

படுக்கப் போகமுன் குகனை அழைத்தேன். காலையில் என்னை ஏற்ற வரவேண்டாம், தொழிற்சாலையின் வங்கி வேலைக்குத் தேவைப்படும்போது மட்டும் வானைக் கொண்டுவந்தால் போதும் என்றேன்.

"ஏன் மிஸ், ஏசி காணாதோ?"

ரீச்சரிடம் சைக்கிள் கேட்டேன். அவர் காற்றடிக்கும் பம்மையும் சேர்த்துத் தந்தார்.

7

புதன்கிழமை. வீதியில் ஈரம், வானத்தில் முகில். சேலை சங்கிலியில் மாட்டும் என்று சல்வாரில் போனேன். டென்மார்க்கில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை, தனிச் சிவப்பு விளக்கு. இங்கே பின்னால் வந்த தனியார் பஸ் ஹோர்ன் அடித்த அடியில் பாதித் தூரம் வீதியோரப் புல்லுக்குள் ஓடினேன். இருந்தாலும் வாய்க்கால் தண்ணீர் மணம் மூக்கில் ஏறியது. வானுக்குள் இருந்தவரை அது எனக்குக் கிடைக்கவில்லை.

வாசலில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. மதிலோரம் வெறுமை. மல்லாவி பஸ்ஸிலிருந்து ராஜி இறங்கி வந்து என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தாள். லீவு எடுக்காமல் வந்திருந்தாள். இருவரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. உழவு இயந்திரம். ராஜி என் கையைப் பிடித்தாள்.

அது எங்களைத் தாண்டி, வெறும் பெட்டியோடு வயலுக்குப் போனது.

அது கிளப்பிய புகை அடங்கிய பிறகு, பின்னால் மணிச் சத்தம். வளைவைத் தாண்டி சைக்கிள்கள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எண்ணமுடியாமல் வீதியை அடைத்துக்கொண்டு. கரியர்களில் சாப்பாட்டுப் பெட்டி, ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல். ரயர் வெடித்த மூன்றாம் வரிசைக்காரியும் வந்தாள், இன்னும் சண்டை பிடித்துக்கொண்டே. நடுவில் சாந்தி. அவருடைய கரியரில் ஜெனிற்றா, ஒரு கையால் சாந்தியின் இடுப்பையும் மறு கையால் இரண்டு பேரின் பெட்டியையும் பிடித்தபடி. அவள் கண் வீங்கியிருந்தது. ஆனால் வாய் கொள்ளாத சிரிப்பு.

"கொட்டில் போனால் போகட்டும் மிஸ்" என்று இறங்கினார் சாந்தி. "இவளின்ர பிள்ளைக்கு வாங்கின சப்பாத்தை ஆருக்குக் குடுக்கிறது? எங்கட வீட்டில ஒருத்தருக்கும் அளவில்லை."

அப்போதுதான் அவர் நான் பிடித்திருந்த சைக்கிளைக் கண்டார்.

"இதார்ட?"

"ரீச்சரிட்ட வாங்கினனான்."

"அப்ப மிஸ் நேற்று வானில. இண்டைக்குச் சைக்கிள்ள." அவர் பின்னால் திரும்பிக் கத்தினார். "எடியே, கேட்டியளே! இந்தக் காமென்ற்ஸில திருந்தின ஒரே ஆள் மிஸ்தான்! முழுப் புள்ளியும் அவாவுக்கு!"

வாசல் அதிர்ந்தது. மூன்றாம் வரிசைக்காரிகூடச் சிரித்தாள்.

சிரிப்பு முடியவும் பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது. பெண்கள் வெட்டுத்துணியால் சீற்றுகளை மூடுவதற்கு மதிலோரம் ஓடினார்கள். நான் மற்றப் பக்கம் பார்த்தேன். வான் கொட்டில் வெறுமையாக நின்றது. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. உள்ளே நிலம் காய்ந்திருந்தது.

"சாந்தி, உங்கால வேண்டாம். இஞ்சால கொண்டு வாங்கோ."

"அது வானின்ர இடம் மிஸ்."

"வான் இண்டைக்கு வீட்டில நிக்குது. இனியும் அங்கயே நிக்கும்."

"மனேஜர் கேட்டால்?"

"நான் கதைக்கிறன்."

கிர்ஸ்டனுக்கு எழுத இருந்தது. கொட்டிலைப் பரிசுப் பக்கத்திலிருந்து எடுத்துக் கதவும் கழிப்பறையும் உள்ள பக்கத்தில் போடுங்கள், அதற்குக் குழு கூடத் தேவையில்லை என்று. மனேஜரோடு பேச இருந்தது. அன்றைய கணக்கும் இருந்தது. எல்லாம் பிறகு. அன்று காலை முதலில் செய்த வேலை, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து, சைக்கிள்களை ஹாண்டிலுக்கு ஹாண்டில் மாட்டாமல் வான் கொட்டிலுக்குள் அடுக்கியது. இடம் போதுமாக இருந்தது. கடைசியாக ரீச்சரின் சைக்கிளை வைத்தோம்.